ஒரு ஜாண் வயர்

மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற கார் நடுரோட்டில் நின்றுபோனால், அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே பார்ப்பது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை தன் மாலையைப் பார்ப்பார். ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிற மீட்டர் முள்ளையெல்லாம் தட்டித் தட்டிப் பார்ப்பார். பின்னால் இருக்கிறவள் வானத்தைப் பார்ப்பாள்.

பின்னால் இருந்தவள் நான்.

திருவண்ணாமலைக்குக் கிழக்கே, கீழ்பென்னாத்தூர் ரோடு பிரிகிற முனை. மாலை நாலு மணி இருக்கும். சிவப்பு நிறத்தில், மேல்மூடி இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு இங்கிலாந்து ரேஸ் கார். ஓட்டியவர் என் வீட்டுக்காரர். பக்கத்தில், மறுநாள் காலையில் என் தங்கை மல்லிகாவுக்குத் தாலி கட்ட வேண்டிய சேகர், பட்டுச் சட்டையும் ரோஜா மாலையுமாக. சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைப்பதற்கென்று விட்டிருந்த ஒரு முழப் பலகையில், பட்டுப்புடவையோடு குறுக்காக மடங்கி நான்.

எங்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனும் நின்றது. அதிலிருந்து முனுசாமி மாமா இறங்கினார். சேகரின் தாய்மாமன். போளூர்ப் பக்கத்துக்காரர். சகுனம் பார்ப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். அன்று காலையில் எங்கள் வீட்டுக் காப்பியைக்கூட வடக்கே பார்த்து உட்கார்ந்துதான் குடித்தார்.

"இன்னாம்மா, வண்டி நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. சூடு."

"கெளம்பன வண்டி நிக்கறது நல்லதுக்கில்லையே" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மல்லிகாவுக்கு இது மூன்றாவது வரன். முதலாவது, நிச்சயத்தில் உடைத்த தேங்காய் அழுகல் என்று போயிற்று. இரண்டாவது, பத்திரிகை அடித்த பிறகு, குத்துவிளக்கு ஏற்றும்போது மூன்று தீக்குச்சி அணைந்தது என்று போயிற்று. இப்போது கார். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் வேன் அப்படியே போளூருக்குத் திரும்பிவிடும். என் தங்கை கீழ்பென்னாத்தூரில், எங்கள் அப்பா வீட்டில், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கார் வந்த கதை

காருக்கு நம்பர் வாங்க அலைந்த கதையைச் சில வாரங்களுக்கு முன்பே இந்தத் தொடரில் எழுதிவிட்டேன். அதைப் படிக்காதவர்கள் பாக்கியசாலிகள். கார் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளில் எங்கள் செங்கம் ரோடு பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து அறை எடுத்துத் தங்குவார்கள். அவர்களில் பீட்டர் என்று ஒருவர். தன் ஊரிலிருந்து தரைவழியாகவே, பத்துப் பன்னிரண்டு தேசம் கடந்து, இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர். மலையைப் பார்த்தார். மூன்று மாதம் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, வேகம் என்பது மாயை, இனி எனக்கு எதுவும் சொந்தமில்லை என்று சொல்லி, சாவியை என் வீட்டுக்காரர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எங்களிடம் ஏன் என்றால், என் வீட்டுக்காரர் அவருடைய டைப்ரைட்டரைப் பழுது பார்த்துக் கொடுத்திருந்தார். அந்த நன்றிதான் எங்கள் தலையில் வந்து விடிந்தது.

துறந்தவர் துறந்ததோடு போகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். காவி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கற்றுக்கொண்ட நாலு தமிழ் வார்த்தையில், "எண்ணெய் பாத்தீங்களா?" என்று கேட்பார். ஒரு சக்கரத்தைக் காலால் தட்டுவார். கண்ணை மூடிச் சற்று நேரம் நிற்பார். பிறகுதான் ஆசிரமத்துக்குத் தியானத்துக்குப் போவார்.

மாஸ்டர்

என் வீட்டுக்காரர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். பெயரைச் சொல்ல எனக்கு இந்த வயதிலும் நாக்கு வராது என்பதால் நானும் மாஸ்டர் என்றே எழுதுகிறேன்.

இருபது மிஷினையும் அவரே பிரிப்பார், அவரே மாட்டுவார். மாட்டிய பிறகு இரண்டு திருகு மிஞ்சும். அதை ஒரு டப்பாவில் போடுவார். மிஷின் ஓடும். இதனால் அவருக்கு ஒரு கொள்கை உண்டாகிவிட்டது: எந்த இயந்திரத்திலும் இரண்டு திருகு கூடுதலாகத்தான் வைத்திருப்பான் தயாரித்தவன்.

"டைப்ரைட்டர்ல ஆயிரம் உறுப்பு இருக்குது கோமதி. இதுல இன்னா இருக்கப் போவுது? நாலு சக்கரம்."

வேட்டவலம் ரோட்டில் காதர் பாய் லாரி ஒர்க்ஷாப் வைத்திருந்தார். இரண்டு மாவட்டத்து லாரிகள் அவர் கைக்கு வரும். மாஸ்டரின் பழைய சிநேகிதர். சாயங்காலங்களில் சைக்கிளை எங்கள் கேட்டில் சாய்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"ஒரு வாரம் எங்கிட்ட வுடுங்க மாஸ்டர். இன்ஜின் ஜாஸ்தி ஆடுது."

"இது ரேஸ் வண்டி பாய். லாரி தொட்ட கைக்குத் தாங்காது."

"சரி, தொடல" என்று பாய் பீடியைப் பற்றவைத்துக்கொள்வார்.

இன்ஜின் ஆடியது உண்மைதான். அது உட்கார்ந்திருந்த ரப்பர் கட்டைகள் மக்கிப்போயிருந்தன. அந்தக் காருக்கு உதிரி உறுப்பு வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். மாஸ்டர் கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. ஒருநாள் காலையில் நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பினால் என் ஹவாய் செருப்பைக் காணோம். இடது கால் செருப்பு இன்ஜினுக்கு முன்னால், வலது கால் செருப்பு பின்னால். வெட்டி, மடித்து, நட்டுப் போட்டு முடுக்கியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வெறுங்காலோடு போனேன்.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ஒழுகாமல் இருக்க, அட்டையில் ஒரு பேக்கிங் வைக்க வேண்டும். நல்ல கெட்டி அட்டை வேண்டும், சீராக வெட்ட வேண்டும். மாஸ்டர் வீடெல்லாம் தேடினார். அந்தச் சமயம் மல்லிகா எங்களோடு இருந்தாள். இரண்டாவது வரன் முறிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே போய், பரண்மேல் போட்டிருந்த ஒரு கட்டு அட்டையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். நின்றுபோன கல்யாணத்தின் பத்திரிகைகள்.

"இது நல்ல கெட்டி மாமா. இதுக்காச்சும் ஒதவட்டும்."

அவளே கத்தரிக்கோல் எடுத்து, கோடு போட்ட இடத்தில் வெட்டிக் கொடுத்தாள். பிள்ளையார் சுழியும் மஞ்சள் தடவிய மூலையும் ஒரு துண்டில், "சுற்றமும் நட்பும் சூழ" மற்றொரு துண்டில். மாஸ்டர் வாங்கி மாட்டினார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்தப் பேக்கிங் மட்டும் கடைசிவரை ஒழுகவே இல்லை.

நாடி பார்த்த கதை

நான் நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் துடிப்பைக் கேட்க ஒரு மரக்குழல் வைத்திருப்போம். ஒரு முனை தாயின் வயிற்றில், மறுமுனை நம் காதில். என் காதைத்தான் பெரிய டாக்டரம்மாவே நம்புவார்கள்.

அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பவை. இரண்டும் ஒரே அளவில் மூச்சிழுக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி இருமும். சரிபார்க்க, ஒரு குழாயைக் காதில் வைத்து இரண்டின் மூச்சையும் மாறி மாறிக் கேட்கவேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. மாஸ்டர் கேட்டுப் பார்த்தார். பதினைந்து வருஷம் இருபது டைப்ரைட்டர் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்த காது. அதில் ஒன்றும் விழவில்லை.

"கோமதி, உன் குழலை எடுத்துக்கினு வா."

எடுத்துக்கொண்டு போனேன். குனிந்து, குழலை வைத்து, கண்ணை மூடிக் கேட்டேன்.

"முன்னால இருக்கறது நல்லா இழுக்குது. பின்னாலது திணறுது."

மாஸ்டர் ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினார்.

"இப்ப?"

"கொஞ்சம் கம்மி. இன்னும் திருப்புங்க."

இரட்டைப் பிள்ளை வயிற்றைப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அரைமணி நேரத்தில் இரண்டும் ஒரே மூச்சாக இழுத்தன. இன்ஜின் சத்தம் அப்படியே தணிந்து வழவழவென்று ஆயிற்று. எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆமாம், இந்தக் கூத்தையெல்லாம் கேலி செய்து எழுதுகிற நான்தான், அந்த நிமிஷத்தில் மாஸ்டரைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தன் மருமகளுக்குப் பிரசவ நாள் குறித்துக் கேட்க வந்த ஒரு அம்மாள் கேட்டருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு.

"நர்ஸம்மா வூட்ல கார் முழுவாம இருக்குதாம். அந்தம்மாவே நாடி பாக்கறாங்களாம்."

அன்றிலிருந்து என் காது இல்லாமல் மாஸ்டர் காரைக் கிளப்புவதில்லை. பின்பலகை எனக்கு நிரந்தரமாயிற்று.

மலையைச் சுற்றி

எந்த ரிப்பேர் முடிந்தாலும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டுமல்லவா? வண்டி கிளம்பியதும் முதலில் மலையை ஒரு வலம் வருவது எங்கள் ஊர்ப் பழக்கம். புது மாட்டுவண்டியும் வரும், புது பஸ்ஸும் வரும். எங்கள் வீடு செங்கம் ரோட்டில் மலையடிப் பக்கம். கேட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் கிரிவலப் பாதை. மலையை வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு, வலமாகவே வளைந்து வளைந்து, ஊருக்குள் வந்து, மறுபடி வலப்பக்கம் திரும்பினால் எங்கள் கேட். பின்னுக்கு எடுக்க வேண்டி வந்தால் இறங்கித் தள்ளுவோம்.

மாஸ்டர் வாரம் ஒரு ரிப்பேர் செய்தார். வாரம் ஒரு வலம் வந்தோம். வேறு எங்கும் போகவில்லை. போகிற வழியில் நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்று அவருக்குப் பயம். மலையைச் சுற்றும்போது நின்றால், தரிசனத்துக்கு நின்றோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேகமானியில் நூற்றிருபது மைல் வரை எண் போட்டிருந்தது. எங்கள் உச்சபட்ச வேகம் பதினெட்டு. அதற்குமேல் போனால் சாமியாரோ ஆடோ குறுக்கே வரும். ஒருமுறை ஒரு பண்டாரம் திருவோட்டோடு நடந்தே எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது காருக்கும் விபூதி பூசிவிட்டுப் போனார்.

இப்படி இரண்டு வருஷம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு எலி வந்தது. காருக்குள் குடியேறி, சாவி போடுகிற இடத்திலிருந்து இன்ஜினுக்குப் போகும் வயரைக் கடித்துப்போட்டது. மாஸ்டர் புது வயர் வாங்கினார். வீட்டில் எதையும் தேவைக்கு மேல் வெட்டாத மனிதர் அவர். மிஷின் ரிப்பனை இரண்டு பக்கமும் தீரத்தீர ஓட்டிவிட்டுத்தான் கழற்றுவார். வயரை அளந்தார், சரியாக வெட்டினார், தொங்காமல் இருக்க ஸ்டீரிங் கம்பியோடு சேர்த்து டைப்ரைட்டர் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். வண்டி கிளம்பியது. வழக்கம்போல ஒரு வலம் வந்தோம். ஒரு குறையும் இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் அவர் என் அப்பாவிடம் வாக்குக் கொடுத்தார்: மாப்பிள்ளையை இந்தக் காரிலேயே அழைத்து வருகிறேன் என்று. திறந்த கார், மாப்பிள்ளை அழைப்புக்கென்றே செய்தது மாதிரி. கீழ்பென்னாத்தூரில் அதுவரை மாப்பிள்ளைகள் டிராக்டரில் வந்திருக்கிறார்கள்.

நான் வேண்டாமென்றேன். "வாடகைக்கு ஒரு அம்பாசடர் சொல்லிடலாங்க. மல்லிகா விஷயத்துல வெளையாடாதீங்க."

"அவ பத்திரிகைய வெட்டிக் குடுத்து ஓட்ன வண்டி இது. அவ கல்யாணத்துக்கு ஓடலன்னா பின்ன எதுக்குக் கோமதி?"

அம்பாசடர் பேச்சை அதோடு விட்டேன்.

முனையில்

அன்று எங்கள் வீட்டில் வந்து இறங்கியிருந்த சேகரை ஏற்றிக்கொண்டு, வழக்கப்படி மலையை ஒரு வலம் வந்தோம். வேன் பின்னாலேயே வந்தது. முனுசாமி மாமா வேனுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கீழ்பென்னாத்தூர் ரோடு பிரியும் முனைக்கு வந்து மாஸ்டர் காரைத் திருப்பினார். இன்ஜின் பொட்டென்று நின்றது.

இருமவில்லை, திணறவில்லை. விளக்கை அணைத்தது போல நின்றது.

மாஸ்டர் ஸ்டீரிங்கை நேராக்கிச் சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பிவிட்டது. முகம் மலர்ந்து மறுபடி திருப்பினார். மறுபடி நின்றது. இதற்குள்தான் மாமா இறங்கி வந்து, நல்லதுக்கில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வேனிலிருந்து நாலைந்து தலைகள் வெளியே நீண்டன.

"பானட்டைத் தொறந்து பாத்துடறேன்" என்று மாஸ்டர் கதவில் கை வைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பானட்டைத் திறந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து மூடியதில்லை. மிஞ்சுகிற திருகு வேறு.

"தொறக்காதீங்க. இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். பிரசவ அறையில் நான் கேட்பது துடிப்பை மட்டுமல்ல. துடிப்பு எந்த நொடியில் குறைகிறது, அந்த நொடியில் வேறு என்ன நடந்தது என்பதையும் கேட்பேன். வலி வந்தபோதா, தாய் புரண்டு படுத்தபோதா? அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கார் கிளம்பியது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக இழுத்தன. பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்லை. மாஸ்டர் கையில் வளையல் மாதிரி தொளதொளவென்றிருந்த வாட்ச் சங்கிலி கிணுங்கியது. அவர் கையை இடப்பக்கம் இறக்குகிறார். அந்தக் கிணுக்கோடு இன்ஜின் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு வருஷமாக நாங்கள் ஒரு தடவைகூட இடப்பக்கம் திரும்பியதில்லை! மலையைச் சுற்றிக்கொண்டே இருந்தால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மலையை விட்டு வெளியே போக வேண்டுமென்றால்தான் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

முனையைத் தாண்டி வலப்பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோவில். அதைச் சுற்றித் தெரு. நேரே போய், கோவிலை வலமாகச் சுற்றி வந்தால், வண்டி கீழ்பென்னாத்தூர் ரோட்டை நேருக்கு நேர் பார்த்து நிற்கும்.

"மாமா" என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்க வூட்டுப் பழக்கம் ஒண்ணு. மறந்தே போயிட்டோம். ஊரை விட்டுக் கெளம்பறதுக்கு முன்ன இந்தப் புள்ளையார ஒரு சுத்து சுத்தணும். அதான் வண்டி நவுராம நிக்குது."

மாமா கோவிலைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கடுமை மெல்ல இறங்கியது.

"அதானே பாத்தேன்! மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்று வேனுக்கு ஓடினார்.

நான் குனிந்து மாஸ்டர் காதில், "நேரா போயி சோத்துக்கைப் பக்கமே திருப்புங்க. பீச்சாங்கைப் பக்கம் மட்டும் வாணாம்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் காதை அவர் என்றைக்கும் சந்தேகித்ததில்லை.

பிள்ளையாரைச் சுற்றினோம். வேனும் சுற்றியது. கார் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஏறியபோது சேகர் முதல் தடவையாக மாலையிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, எதுனா ரிப்பேரா?" என்று மெல்லக் கேட்டார்.

"இருந்தா நீங்க உங்க மாமாகிட்ட சொல்லுவீங்களா தம்பி?"

"சொல்ல மாட்டேன்" என்றார். தங்கைக்கு நல்ல மாப்பிள்ளைதான் என்று அந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது.

உரக்கடை

ரோட்டில் லேசான வளைவுகள் வந்தன. மெல்லத் திருப்பினால் வண்டி பொறுத்துக்கொண்டது. வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லைகள். வேலை செய்தவர்கள் நிமிர்ந்து நின்று கைகாட்டினார்கள்.

கீழ்பென்னாத்தூருக்குள் நுழைந்தோம். மேளச் சத்தம் கேட்டது. கல்யாணம் நடக்கும் தெரு இடப்பக்கம். செங்குத்தான திருப்பம். முனையில் வலப்பக்கம் பார்த்தேன். கோவில் இல்லை. சாமி படம்கூட இல்லை. ஒரு உரக்கடை இருந்தது. மாட்டுவண்டிகள் மூட்டை ஏற்றுவதற்காகச் சுற்றிலும் இடம் விட்டிருந்தார்கள்.

மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சுத்துங்க" என்றேன்.

சுற்றினோம். கடைக்காரர் ஒரு யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். மாலை போட்ட மாப்பிள்ளை ஒரு சிவப்புக் காரில் தன் கடையைச் சுற்றி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பின்னாலேயே வேன். வேன் ஜன்னலில் முனுசாமி மாமா பக்தியோடு கை கூப்பியிருந்தார். கடைக்காரருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் கை கூப்பினார்.

கார் நேராகக் கல்யாணத் தெருவுக்குள் போய், பந்தல் வாசலில் நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். மாமா வேகமாக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அந்தக் கடைக்குள்ள இன்னா சாமி?"

இருபது வருஷ சர்வீஸில் எத்தனையோ மாமியார்களைச் சமாளித்தவள் நான்.

"முன்ன எங்க கொலதெய்வம் இருந்த எடம் மாமா. இப்ப கடை கட்டிட்டாங்க."

"சாமி இருந்த எடம் எங்க போவும்?" என்று அவர் அந்தத் திசை நோக்கி இன்னொரு கும்பிடு போட்டார். "இப்டி ஒரு குடும்பத்துல பொண்ணு எடுக்கறது எங்க அதிர்ஷ்டம்."

மறுநாள் காலையில் மல்லிகாவின் கழுத்தில் தாலி ஏறியது. கெட்டிமேளச் சத்தத்தில் நான் தேம்பி அழுததை யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலுக்குப் பின்புறம் காதர் பாய் காருக்கு அடியில் படுத்திருந்தார். கல்யாணத்துக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சட்டை. இந்தத் தடவை மாஸ்டர் தடுக்கவில்லை.

"மாஸ்டர், இந்த வயரை அளக்கும்போது ஸ்டீரிங் எந்தப் பக்கம் திரும்பி இருந்திச்சு?"

மாஸ்டர் யோசித்தார். வீட்டுக் கேட்டுக்குள் வலப்பக்கம் திரும்பி வந்து நிறுத்திய வண்டி. சக்கரம் திரும்பியது திரும்பியபடியே இருந்தது. அப்படியே அளந்து, அப்படியே வெட்டி, அப்படியே கட்டியிருக்கிறார். வலப்பக்கம் திருப்பினால் வயர் தளரும். இடப்பக்கம் திருப்பினால் இழுபட்டு விட்டுப்போகும்.

"ஒரு ஜாண் வயரு மாஸ்டர்" என்றார் பாய், அடியிலிருந்து. "ஒரு ஜாண் கம்மி."

பந்தலில் சீரியல் பல்பு கட்டியதில் மிஞ்சிய துண்டு கிடந்தது. அதிலிருந்து ஒரு ஜாண் வெட்டி ஒட்டுப் போட்டார். மாஸ்டர் ஸ்டீரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. நன்றாகத் திட்டவேண்டும் என்றுதான் போயிருந்தேன். அந்தக் காதைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

மறுபடி அந்த முனை

அதன் பிறகு மாஸ்டருக்கு இடப்பக்கம் திரும்புவதுதான் பொழுதுபோக்கு. செங்கத்துக்கும் வேட்டவலத்துக்கும் போனார். தேவையில்லாத சந்துகளில் எல்லாம் இடப்பக்கம் திரும்பினார். நிஜமாகவே நன்றாக ஓடியது கார். சொல்லித்தானே ஆகவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். முனுசாமி மாமா தன் சொந்த மகனுக்கும் கீழ்பென்னாத்தூரிலேயே பெண் எடுத்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு அதே கார்தான் வேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டார். மாஸ்டர் ஒரு வாரம் துடைத்தார். நான் குழல் வைத்துக் கேட்டேன். இரண்டும் ஒரே மூச்சு.

திருவண்ணாமலை முனையில் அவர் பிள்ளையாரைச் சுற்றினார். பிள்ளையார் என்பதால் பேசாமல் சுற்றிவிட்டார். கீழ்பென்னாத்தூர் முனைக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, இடப்பக்கம் திருப்புவதற்குக் கையை இறக்கினார்.

பின்னாலிருந்து வேன் ஹாரன் அலறியது. மாமா பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கத்தினார்.

"மாஸ்டர்! சுத்தாம போவாதீங்க! சுத்தாம போவாதீங்க!"

அப்போதுதான் உரக்கடையைப் பார்த்தேன். பக்கச் சுவரில் மூன்று விபூதிப் பட்டை. கீழே ஒரு சூலம், அதில் எலுமிச்சம்பழம். அந்த ஊருக்கு வருகிற மாப்பிள்ளைகள் எல்லாம் இப்போது இங்கே சுற்றிவிட்டுத்தான் போகிறார்களாம். கடைக்காரர் குளித்து, பட்டை போட்டு, கற்பூரத் தட்டோடு தயாராக நின்றார். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு உண்டியலும் இருந்தது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு பரிதாபமான முகத்தை நான் பார்த்ததில்லை.

"கோமதி, இப்ப இது ரெண்டு பக்கமும் திரும்புது."

"தெரியும்ங்க. சோத்துக்கைப் பக்கமே திருப்புங்க."

திருப்பினார். கடையைச் சுற்றி வந்தோம். கல்யாணத்துக்கு வந்திருந்த மல்லிகா கடை ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நான் சொல்லியிருந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இரண்டு வயசு மகன்.

"சாமி கும்புடுடா கண்ணு" என்றாள் அவனிடம்.

அவன் இரண்டு பிஞ்சுக் கையையும் சேர்த்து யூரியா மூட்டைகளைப் பார்த்துக் கும்பிட்டான். அன்றைக்கு இந்தக் கடை இந்த முனையில் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பிள்ளையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. பின்பலகையில் மடங்கியபடியே, வாய்விட்டு ஒரு சாமி பெயரும் சொல்லாமல், நானும் கை கூப்பினேன்.